நாய்க்குட்டி வருகிறது, வீட்டைத் தயார் செய்வோம்

நாய்க்குட்டி என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? பிள்ளைகள் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் கொடுக்கிறார்கள். தெருவில் தாய் நாய் வண்டியில் அடிபட்டுவிடுகிறது. குட்டிகள் குளிரில் கத்துகின்றன. நமக்கு மனசு கேட்பதில்லை. ஒன்றை வீட்டுக்கு எடுத்து வருகிறோம்.

பெங்களூரில் நம்மில் பலர் வரிசை வீடுகளில் இருக்கிறோம். ஓர் அறை, ஒரு சமையலறை. கதவைத் திறந்தால் தெரு. இந்தச் சிறிய வீட்டில் நாய் வளர்க்க முடியுமா? முடியும். பணம் அதிகம் வேண்டாம். கவனம்தான் வேண்டும்.

குட்டிக்கு முதல் சில மாதங்கள் ஆபத்தானவை. அது கண்டதைக் கடிக்கும். கிடைத்ததை விழுங்கும். இடுக்கில் நுழையும். அதன் நோய் சில சமயம் நம் பிள்ளைக்கும் வரலாம். ஆகவே இந்தப் பாடம் இரண்டு உயிர்களைப் பற்றியது. ஒன்று குட்டியின் உயிர். மற்றொன்று நம் பிள்ளையின் உயிர்.

1. எப்போது கொண்டு வரலாம்?

குட்டி பிறந்து 8 வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். தாய்ப்பாலில் நோயைத் தடுக்கும் சக்தி இருக்கிறது. தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி தெரிந்துகொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி பயப்படும். அதிகம் கடிக்கும்.

8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன. யாராவது "கண் திறந்துவிட்டது, எடுத்துப் போங்கள்" என்றால், "இன்னும் கொஞ்ச நாள் தாயிடம் இருக்கட்டும்" என்று சொல்லுங்கள்.

தாய் இல்லாத குட்டி என்றால் வேறு வழி இல்லை. கொண்டு வந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மாட்டுப்பால் சில குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றால் போகும். என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று அவரிடமே கேளுங்கள்.

விலை கொடுத்து வெளிநாட்டு நாய்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. நம் நாட்டு நாய்களுக்கும் பெருமை உண்டு. கர்நாடகத்தின் முதோல் நாய்க்கும், தமிழ்நாட்டின் ராஜபாளையம் நாய்க்கும் 2005ஆம் ஆண்டு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. தெருவில் பிறந்த நாட்டு நாய் நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. அன்பாக வளர்த்தால் அதுவும் வீட்டைக் காக்கும்.

2. தரையில் உட்கார்ந்து பாருங்கள்

நமக்குக் கை இருக்கிறது. ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். குட்டிக்குக் கை இல்லை. வாய்தான் அதற்குக் கை. எதையும் வாயில் வைத்துத்தான் பார்க்கும். பல் முளைக்கும் காலத்தில் ஈறு அரிக்கும். அப்போது இன்னும் அதிகம் கடிக்கும். இது குறும்பு இல்லை. அதன் இயல்பு.

அதனால் குட்டி வரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டின் நடுவில் தரையில் உட்காருங்கள். தலையைக் குனிந்து சுற்றிலும் பாருங்கள். நின்றால் தெரியாதவை எல்லாம் இப்போது தெரியும். கட்டிலுக்கு அடியில் ஒரு மாத்திரை. பீரோ ஓரத்தில் ஒரு ஊசி. சுவர் ஓரத்தில் தொங்கும் ஒயர். குட்டியின் கண் பார்ப்பதும் இதைத்தான்.

குட்டிக்கு என்று ஒரு மூலை ஒதுக்குங்கள். ஓர் அட்டைப் பெட்டி போதும். ஒரு பக்கத்தை வெட்டி வாசல் போல ஆக்குங்கள். உள்ளே பழைய புடவையை மடித்துப் போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பெங்களூரில் இரவு நல்ல குளிர். வெறும் தரையில் குட்டி நடுங்கும். வீட்டில் யாரும் பார்த்துக்கொள்ள முடியாத நேரத்தில், ஒரு பலகையை வைத்து அந்த மூலையை அடைத்துவிடுங்கள்.

3. நூலும் ஊசியும்

நம் வீடுகளில் பெண்கள் பலர் வீட்டிலேயே வேலை செய்கிறார்கள். பூ கட்டுகிறார்கள். துணி தைக்கிறார்கள். பட்டன் வைக்கிறார்கள். ஊதுபத்தி உருட்டுகிறார்கள். இந்த வேலைக்கான சாமான்கள் எல்லாம் தரையில்தான் இருக்கும். குட்டிக்கு அவை விளையாட்டுப் பொருள்.

நூல் சின்னப் பொருள்தானே என்று நினைக்க வேண்டாம். குட்டி நீளமான நூலை விழுங்கினால் ஒரு முனை வயிற்றில் சிக்கிக்கொள்ளும். மறு முனை குடலுக்குள் போகும். குடல் சுருங்கும். நூல் குடலை அறுத்துவிடும். அறுவை செய்தால்தான் பிழைக்கும்.

வாயிலோ, மலம் போகும் இடத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். இழுத்தால் உள்ளே அறுக்கும். அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

வேலை முடிந்ததும் நூல், ஊசி, பட்டன், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் மூடி உள்ள டப்பாவில் போடுங்கள். டப்பாவை உயரத்தில் வையுங்கள். பொம்மையில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி, சில்லறைக் காசு, ஹேர்பின், பிளாஸ்டிக் கவர் இவையும் தரையில் கிடக்கக் கூடாது. இதனால் வீட்டில் தவழும் குழந்தைக்கும் நன்மை.

குட்டி கடிக்கவும் ஏதாவது வேண்டும். அதன் வாய்க்குள் போகாத அளவு பெரிய பந்து கொடுங்கள். பழைய செருப்பைக் கொடுக்காதீர்கள். எது பழசு, எது புதுசு என்று அதற்குத் தெரியாது. நாளை புதுச் செருப்பையும் கடிக்கும்.

4. மின்சாரம்

செல்போன் சார்ஜர் ஒயர், டிவி ஒயர், இஸ்திரிப் பெட்டி ஒயர் இவற்றைக் குட்டி கடிக்கும். மின்சாரம் ஓடும் ஒயரைக் கடித்தால் உயிர் போகும்.

ஒயர்களைச் சுருட்டி ஆணியில் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டுத் தண்ணீர் சுட வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டே ராடைப் போடுங்கள்.

குட்டிக்கு ஷாக் அடித்தால் ஓடிப் போய்த் தொடாதீர்கள். தொட்டால் உங்களுக்கும் அடிக்கும். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். சுவிட்ச் எட்டவில்லையா? காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள். பிறகு குட்டியைத் தூக்குங்கள்.

5. விஷத்தைப் படித்து அறிவோம்

எழுதப் படிக்கத் தெரிந்ததன் பயன் இங்கே தெரியும். வீட்டில் உள்ள டப்பாக்களையும் பாட்டில்களையும் எடுத்துப் படியுங்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர், எலி மருந்து, கரப்பான் மருந்து, கொசு மருந்து, அந்துருண்டை இவை எல்லாம் குட்டிக்கு ஆபத்து.

பூச்சி மருந்துப் பெட்டிகளில் சாய்ந்த சதுரமாக ஒரு படம் இருக்கும். அதன் கீழ்ப் பாதியில் ஒரு நிறம் இருக்கும். அந்த நிறத்துக்குப் பொருள் உண்டு.

சிவப்பு: மிக மிகக் கொடிய விஷம்.
மஞ்சள்: மிகக் கொடிய விஷம்.
நீலம்: நடுத்தர விஷம்.
பச்சை: மற்றவற்றைவிடக் குறைந்த விஷம். ஆனாலும் விஷமே.

பெங்களூரில் பெட்டி மேல் தமிழ் இருக்காது. கன்னடமோ, இந்தியோ, ஆங்கிலமோ இருக்கும். ஆனால் நிறத்துக்கு மொழி இல்லை. நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

எலி மருந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில எலி மருந்தைத் தின்ற குட்டி அன்று நன்றாக ஓடி விளையாடும். "ஒன்றும் ஆகவில்லை" என்று நாம் விட்டுவிடுவோம். சில நாட்கள் கழித்து உடம்புக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். குட்டி சோர்ந்துவிடும். ஈறு வெளுத்துவிடும். அப்போது போனால் காப்பாற்றுவது கடினம். தின்ற அன்றே போனால் மாற்று மருந்து உண்டு. ஆகவே காத்திருக்க வேண்டாம். நாய் இருக்கும் வீட்டில் எலி மருந்தே வைக்க வேண்டாம். எலிப்பொறி வையுங்கள்.

நம் மாத்திரைகளும் குட்டிக்கு விஷம் ஆகலாம். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் நாம் போடும் மாத்திரையைக் குட்டிக்குப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கவே கூடாது.

வாசலில் அரளிச் செடி வைத்திருக்கிறீர்களா? பூ அழகுதான். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். ஆமணக்கு விதையும் ஊமத்தங்காயும் அப்படியே. குட்டி போகாத இடத்துக்கு மாற்றுங்கள்.

6. சம்ப், மாடி, வாசல்

பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து குழாயில் வருகிறது. எல்லா நேரமும் வருவதில்லை. அதனால் பல வீடுகளில் தரைக்கு அடியில் சம்ப் கட்டித் தண்ணீர் சேர்க்கிறோம். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறக்கிறோம். யாரோ கூப்பிடுகிறார்கள். மூடாமல் போகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சம்ப்பில் விழுந்த குட்டியால் ஏறி வர முடியாது. சுவர் வழுக்கும். சின்னக் குழந்தையும் அப்படியே. ஆகவே மூடியைத் திறந்தவரே மூட வேண்டும். மூடிய பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். மூடி உடைந்திருந்தால் உடனே மாற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பலர் சேர்ந்து கேட்டால் காரியம் நடக்கும். தண்ணீர் நிறைந்த பக்கெட்டும் டிரம்மும்கூட ஆபத்துதான். மூடி வையுங்கள்.

மொட்டை மாடிக்குப் போகும் படியில் பலகை வைத்து அடையுங்கள். கைப்பிடிச் சுவரில் இடைவெளி இருந்தால் குட்டி அதில் நுழைந்து கீழே விழும். கிரில் கேட்டின் கம்பிகளுக்கு இடையிலும் நுழையும். கேட்டின் கீழ்ப் பாதியில் வலையோ அட்டையோ கட்டுங்கள்.

ஆட்டோ, ஸ்கூட்டர் ஓட்டும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. குட்டிகள் நிழலுக்கும் சூட்டுக்கும் வண்டிக்கு அடியில் படுக்கும். வண்டியைக் கிளப்பும் முன் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள்.

7. என்ன கொடுக்கலாம்? என்ன கொடுக்கக் கூடாது?

சோறு, வேக வைத்த முட்டை, எலும்பு இல்லாத கோழிக்கறி, நன்றாக வெந்த ராகிக் களி கொடுக்கலாம். உப்பும் காரமும் வேண்டாம். சின்னக் குட்டிக்கு ஒரு நாளைக்கு 3 அல்லது 4 வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குடிக்க எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

கொடுக்கக் கூடாதவை இவை.

வெங்காயம், பூண்டு: நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். சாம்பார், குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம்.
திராட்சை, உலர்ந்த திராட்சை: சிறுநீரகத்தைக் கெடுக்கும்.
சாக்லேட், காப்பி: இதயத்தைப் படபடக்க வைக்கும். வலிப்பு வரும்.
வெந்த கோழி எலும்பு: கூர்மையாக உடையும். தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

பண்டிகை நாளில் விருந்தாளிகளும் பிள்ளைகளும் ஆசையாகக் கொடுப்பார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

8. ஊசி அட்டை

வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் வரும். பார்வோ என்று ஒரு நோய். 1978 வாக்கில் உலகின் பல நாடுகளில் இது பரவியது. குட்டி சாப்பிடாது. வாந்தி எடுக்கும். ரத்தமும் நாற்றமும் கலந்து வயிற்றால் போகும். சில நாட்களில் உயிர் போகலாம். இந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். நம் செருப்பில் ஒட்டிக்கொண்டும் வீட்டுக்கு வரும்.

ஆகவே செருப்பை வாசலிலேயே விடுங்கள். முன்பு அந்த வீட்டில் ஒரு குட்டி இந்த நோயால் இறந்திருந்தால், பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையை நன்றாகக் கழுவுங்கள். காயும் வரை குட்டியை அங்கே விடாதீர்கள்.

இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. பிறகு 16 வாரம் ஆகும் வரை மருத்துவர் சொல்லும் தேதிகளில் மறு ஊசிகள். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும். ஊசிகள் முடியும் வரை தெருத் தரையில் குட்டியை விட வேண்டாம். தூக்கிக்கொண்டு போங்கள்.

குட்டியின் வயிற்றில் பூச்சியும் இருக்கும். அந்தப் பூச்சியின் முட்டை மண்ணில் விழும். மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் வயிற்றுக்கும் போகும். மருத்துவரிடம் பூச்சி மருந்து கேட்டுக் கொடுங்கள். குட்டியைத் தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

மருத்துவர் ஓர் அட்டை தருவார். அதில் அடுத்த ஊசிக்கான தேதி இருக்கும். படித்துப் பாருங்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் நீங்களே எழுதுங்கள்.

எங்கே போவது? பெங்களூரில் குயின்ஸ் ரோட்டில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஹெப்பாளில் 1958ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூபா என்ற அமைப்பு 1991ஆம் ஆண்டு முதல் இந்த நகரத்தில் விலங்குகளுக்காக வேலை செய்கிறது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அந்த நாளை ஒட்டிப் பல இடங்களில் இலவசமாக ஊசி போடுகிறார்கள். உங்கள் பகுதியில் எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

9. கடித்துவிட்டால்

அக்காவும் தங்கையும் பேசுவதைப் படியுங்கள்.

தங்கை: அக்கா, குட்டி என் பையன் கையைக் கடிச்சிடுச்சு. சும்மா கீறல்தான். மஞ்சள் வெச்சுக் கட்டட்டுமா?

அக்கா: வேணாம்மா. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காதே. குழாய்த் தண்ணியைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவு. அப்புறம் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.

தங்கை: குட்டிதானே, அக்கா? பெரிய நாயா என்ன?

அக்கா: குட்டிக்கும் வெறிநோய் வரும். இதுக்கு இன்னும் ஊசி போடலையே.

தங்கை: தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்களாமே! பையன் தாங்க மாட்டான்.

அக்கா: அது அந்தக் காலம். அந்த மருந்தை 2004லேயே நிறுத்திட்டாங்க. இப்போ கையிலதான் ஊசி. 4 இல்லேன்னா 5 தடவை போகணும். அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. காயம் ஆழமா இருந்தா இன்னொரு மருந்தும் காயத்துலயே போடுவாங்க. ஒரு தேதியைக்கூட விடக் கூடாது.

அக்கா சொன்னது சரி. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் வராமல் தடுக்க முடியும். பிரான்ஸ் நாட்டின் லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு இந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். அவர் பெயரில் 1907ஆம் ஆண்டு குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். குட்டி சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. வாலை, காதை இழுக்கக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ வீட்டில் மறைக்கக் கூடாது. அடி விழும் என்று பயந்துதான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். ஆகவே "சொன்னால் அடிக்க மாட்டேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் பிள்ளையின் உயிரைக் காக்கும்.

10. கட்டிப் போடலாமா?

நாள் முழுவதும் சின்னச் சங்கிலியில் கட்டிப் போடுவது பாதுகாப்பு இல்லை. சங்கிலி கழுத்தில் சுற்றிக்கொள்ளும். ஓயாமல் கட்டிய நாய் முரட்டு நாய் ஆகும். சட்டப்படியும் அது தவறு. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டு வந்தது. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். சென்னையில் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய அதே அம்மையார்தான்.

தீபாவளி இரவில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வெடிச் சத்தத்தில் பயந்த குட்டி கேட்டைத் தாண்டி ஓடிவிடும். வழி தெரியாது. இருட்டும் முன் உள்ளே விட்டு, கதவு ஜன்னலைச் சாத்துங்கள். ஒருவர் அதன் பக்கத்தில் இருங்கள்.

11. ஆபத்து வந்தால்

குட்டி எதையாவது தின்றுவிட்டதா? பதற வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பினாயில், ஆசிட் போன்றவை மேலே வரும்போது தொண்டையை மறுபடி எரிக்கும். வாயில் மீதி இருந்தால் துடைத்து எடுங்கள். குட்டியையும், அது தின்ற பொருளின் பெட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்தால் மருத்துவர் சரியான மருந்தைச் சீக்கிரம் கொடுப்பார்.

கால்நடை மருத்துவரின் போன் எண்ணைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் தேட நேரம் இருக்காது.

நினைவில் வைப்போம்

நூலும் ஊசியும் மூடிய டப்பாவில்.
ஒயர் உயரத்தில்.
விஷம் பூட்டிய அலமாரியில்.
சம்ப் மூடி எப்போதும் மூடியே.
ஊசி சொன்ன தேதியில்.
கடித்தால் 15 நிமிஷம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு.

சொல்லுங்கள் பார்ப்போம்

1. 8 வாரம் வரை குட்டி ஏன் தாயோடு இருக்க வேண்டும்?
2. நூல் தொங்கினால் ஏன் இழுக்கக் கூடாது?
3. எலி மருந்து தின்ற குட்டி ஓடி விளையாடுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?
4. பூச்சி மருந்துப் பெட்டியில் சிவப்பு நிறம் எதைக் காட்டுகிறது?
5. கடித்த காயத்தில் மஞ்சள் வைக்கலாமா?

செய்து பாருங்கள்

வீட்டில் தரையில் உட்கார்ந்து சுற்றிலும் பாருங்கள். குட்டிக்கோ, குழந்தைக்கோ ஆபத்தான 5 பொருள்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எங்கே மாற்றி வைத்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். உங்கள் வரிசையில் யார் வீட்டுச் சம்ப் மூடியாவது உடைந்திருந்தால் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டுக்காரருக்கு எப்படி விண்ணப்பம் எழுதுவது என்று வகுப்பில் சேர்ந்து எழுதிப் பழகுவோம்.